பெயரை மட்டும் மாற்றவும்

பிப்ரவரி 3, திங்கள்

பதிவாளர் காலையிலேயே கூப்பிட்டு இந்த வருடத்துச் சாதனையாளர் பாராட்டு விழாவை என் தலையில் கட்டிவிட்டார். "ஆவுடையப்பன், உங்கள விட்டா இதுக்கு வேற ஆள் கிடையாது" என்றார். ஆறு வருடமாக இதே வாக்கியம். நிர்வாகப் பிரிவில் நான் ஒருவன்தான் கண்காணிப்பாளரா? மற்ற இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது, எனக்கு இல்லை. அதுதான் வித்தியாசம்.

பல்கலைக்கழக நிறுவன நாளான மார்ச் 14 அன்று விழா. ஆசிரியர், ஊழியர், மாணவர் என்று மூன்று பிரிவு. விருது வேண்டுகிறவர் விண்ணப்பத்தோடு தன் பாராட்டுரையையும் தானே எழுதித் தர வேண்டும், யாரோ தன்னைப் பற்றி எழுதியதுபோல. இது எங்கள் பல்கலைக்கழகத்து வழக்கம். போன வருடம் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் "எளிமையின் சிகரம்" என்று தன்னைப் பற்றி எழுதி, அந்த இரண்டு சொல்லையும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். இன்னொருவர் பல்கலைக்கழகச் சால்வை மெல்லிசாக இருக்கிறது என்று வீட்டிலிருந்தே சால்வை கொண்டுவந்து, அதைத் தனக்குப் போர்த்தும்படி துணைவேந்தரிடம் கொடுத்தார். மாணவர்களுக்கு ஒரு சுவர்க்கடிகாரம். மாநிலப் போட்டியில் ஜெயித்தாலும் சுவர்க்கடிகாரம், மரம் நட்டாலும் சுவர்க்கடிகாரம்.

ஊழியர் பிரிவில் இந்த வருடம் ஒரு புது விதி. தொகுப்பூதியத்தில் இருப்பவர் யாராவது விருது வாங்கினால், நிரந்தரப் பணிக்கான நேர்காணலில் பத்து மதிப்பெண் கூடுதல். இனி ஒவ்வொருவனும் வரிசையில் வருவான்.

எனக்கு இருபத்தேழு வருட சர்வீஸ். ஒரு விருதும் கேட்டதில்லை. இரண்டு முறை விண்ணப்பித்திருக்கிறேன், அது கேட்டதாகாது.

பிப்ரவரி 5, புதன்

முதல் விண்ணப்பம் வந்துவிட்டது. கொண்டுவந்தவள் வேதியியல் ஆய்வு மாணவி மெஹருன்னிசா. தனக்கல்ல. அவர்கள் துறை ஆய்வக உதவியாளர் சுடலைவடிவுக்கு. எட்டு வருடமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கும் பெண். குடுவை கழுவுவது, கோப்பு தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வருவது, அவ்வளவுதான் வேலை.

பாராட்டுரையை இந்த மாணவியே எழுதியிருக்கிறாள். போன நவம்பர் 23, சனிக்கிழமை மதியம், வேதியியல் துறைக் கிடங்கில் மின்கசிவால் தீப்பிடித்தது. உள்ளே இந்த மெஹருன்னிசா புகையில் மயங்கிக் கிடந்தாளாம். சுடலைவடிவு உள்ளே போய்த் தோளில் தூக்கிவந்தாளாம். மறுபடி போய் மணல் கொட்டி அணைத்தாளாம். இடக்கை வெந்து இரண்டு விரல் மடங்கவில்லையாம். எல்லாம் உண்மைதான். அதற்காக இரண்டு பக்கமா?

துறைத்தலைவர் கையெழுத்து இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றாள். வந்தபிறகு வாருங்கள் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 6, வியாழன்

தலைவலி. கணிதத் துறையிலிருந்து ஒரே விருதுக்கு நான்கு பேராசிரியர்கள். தான் தன்னடக்கம் மிக்கவர் என்று நால்வரும் எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மெஹருன்னிசா துறைத்தலைவர் கையெழுத்தோடு வந்தாள். கூடவே பதினான்கு மாணவர்களின் கையெழுத்து. யார் கேட்டது? புகைப்படம் அளவு சரியில்லை என்றேன். பையிலிருந்து சரியான அளவில் இன்னொன்றை எடுத்து வைத்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தயாராக வருகிறார்கள்.

போகும்போது, "அந்த வயரிங் ஃபைல் சீக்கிரம் நகர்ந்திருந்தா இதுக்கெல்லாம் அவசியமே இருந்திருக்காது சார்" என்றாள். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். டைப் அடிக்கும் சத்தம் நின்றுபோயிற்று.

கிடங்கின் பழைய வயர்களை மாற்றக் கேட்ட அந்தக் கோப்பு மாதக்கணக்கில் என் மேசையில் கிடந்தது என்று வேதியியல் துறையில் கதை கட்டியிருக்கிறார்கள். அது என்னிடம் வந்தது நவம்பர் 18. தீப்பிடித்தது 23. ஐந்து நாளில் எந்தக் கோப்பு நகரும்? பதிவேட்டில் நவம்பர் 18 என்றுதான் இருக்கிறது. பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. அதை எழுதுவதும் நான்தான். சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் சமையலறை சுவிட்சில் தீப்பொறி பறந்தது. என் மனைவி பிரேமா பயந்துவிட்டாள். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டு, வராவிட்டால் இனி என் வீட்டுப் பக்கமே வராதே என்று கத்தினேன். அரை மணி நேரத்தில் வந்து மாற்றிவிட்டுப் போனான். கத்தினால்தான் நம் ஊரில் வேலை நடக்கும்.

அலுவலகத்துக்குப் பதினைந்து நிமிடம் தாமதம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதிவாளர் விண்ணப்பங்களைப் புரட்டினார். ஆசிரியர்களுடையதைப் படிக்கவே இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். சுடலைவடிவின் பாராட்டுரையை மட்டும் இரண்டு முறை படித்தார். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும், இதை நானே இன்றைக்கு அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறேன், இது முடிந்த விஷயம் என்றார்.

தீ விபத்து விசாரணை இன்னும் முடியவில்லையே, இந்த நேரத்தில் இதைப் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். விசாரணைக் குழுவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கோப்பு என்றைக்கு வந்தது என்பது, அதைக் கொண்டுவந்தவளிடம் கேட்டால் தீர்ந்தது என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்.

கொண்டுவந்தவள் சுடலைவடிவுதான். மேடை ஏற்றி மாலை போட்டு, பத்திரிகைக்காரன் மைக்கை நீட்டினால், அவள் எதை எதையெல்லாம் பேசுவாளோ. நான் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன ஆவது?

மதியம் சாப்பிடவில்லை. டிபன் டப்பாவை அப்படியே கொண்டுவந்ததற்குப் பிரேமாவிடம் வேறு திட்டு.

பிப்ரவரி 20, வியாழன்

சுடலைவடிவைக் கூப்பிட்டு அனுப்பினேன். அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

நான் மனிதாபிமானம் இல்லாதவன் அல்ல. விருது வேண்டுமா என்று நேராகவே கேட்டேன். "வேணும் சார். எட்டு வருசமாச்சு. ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன். இந்த இன்டர்வியூவுல விட்டா அப்புறம் எனக்கு வயசு தாண்டிரும்" என்றாள்.

அப்படியானால் இதில் ஒரு கையெழுத்துப் போடு, உன் விண்ணப்பம் தடங்கல் இல்லாமல் போகும் என்று தாளை நீட்டினேன். வயரிங் கோப்பை நவம்பர் 18 அன்று அலுவலகத்தில் ஒப்படைத்தேன், அதுவரை அது துறையில் என் பொறுப்பில் இருந்தது என்று நான்கு வரி. எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நவம்பர்னு போட்டுருக்கு சார்."

"ஆமா."

"நான் கொண்டாந்தது ஆடி பொறக்க ஒரு வாரம் இருக்கையில. அப்புறம் மூணு தடவ வந்து கேட்டேனே சார்."

பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது, உனக்கு ஞாபகப் பிசகு என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு போனாள். பத்து மதிப்பெண்ணைத் தட்டில் வைத்து நீட்டுகிறேன், யோசிக்கிறாளாம்.

பிப்ரவரி 24, திங்கள்

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கையெழுத்து இல்லை. ஒரு மடிப்புகூட இல்லாமல் கொண்டுவந்திருந்தாள்.

"இதுல போட்டா அந்தக் கோப்ப நான் பதுக்கி வச்சிருந்தேன்னு ஆயிரும் சார். அப்புறம் அந்தப் பிள்ளைய நெருப்புல தள்ளுனதும் நாந்தான்னு ஆவும்" என்றாள்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒழுங்கு நடவடிக்கை என்று ஏதாவது எழுதியிருக்கலாம்.

இந்தத் திமிர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

விதி ஏழு: விருதுக்குரிய ஆண்டில் பணியில் முறிவு இருக்கக் கூடாது.

சுடலைவடிவு நவம்பர் 24 முதல் டிசம்பர் 12 வரை பத்தொன்பது நாள் வேலைக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. பணி முறிவு என்றுதான் அன்றைக்கே எழுதியிருக்கிறேன். விதி விதிதான். நான் போட்ட விதியா?

"பரிசீலிக்க இயலவில்லை" என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். பதிவாளர் டில்லி போகும் அவசரத்தில் பத்தோடு பதினொன்றாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலை பத்தரைக்கு எழுதிய கோப்பு பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்து வந்துவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

மெஹருன்னிசா வந்து கத்தினாள். "அவங்களுக்கு எதனால ஆஸ்பத்திரின்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" விதிப்புத்தகத்தைத் திறந்து காட்டினேன். சிறந்த ஆய்வு மாணவர் விருது அவளுக்கு வந்திருக்கிறது, அதை வேண்டாம் என்று சொல்லப் போகிறாளாம். சொல்லட்டும். ஒரு சுவர்க்கடிகாரம் மிச்சம்.

மார்ச் 5, புதன்

டில்லியிலிருந்து வந்த பதிவாளருக்கு இன்றுதான் ஞாபகம் வந்தது, ஊழியர் பிரிவு காலியாக இருக்கிறது என்று. விழாவுக்கு ஒன்பது நாள். குதித்தார். புதிதாக விண்ணப்பம் கேட்க நேரமில்லை. பணி முறிவு இல்லாத, புகார் இல்லாத, நிரந்தர ஊழியர் யார் இருக்கிறார் என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே என்னைப் பார்த்து, "ஏன், நீங்களே இருக்கீங்களே" என்றார்.

மறுத்துப் பார்த்தேன். ஒருமுறை.

பாராட்டுரையை ராத்திரியே எழுதித் தருகிறேன் என்றேன். அதெல்லாம் வேண்டாம், அச்சகத்தில் வாசகம் கோத்துத் தயாராக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிடுகிறேன் என்று என் முன்னாலேயே போன் செய்தார். பொதுவான வாசகம் ஒன்று எப்போதும் இருக்கும்: கடமை, கண்ணியம், காலந்தவறாமை. அதுவே போதும். எனக்கு ஆடம்பரம் பிடிக்காது.

பிரேமாவிடம் சொன்னேன். பட்டு வேட்டியைச் சலவைக்குப் போட்டாள். இருபத்தேழு வருடத்தில் அலுவலக விஷயம் ஒன்றுக்கு அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மார்ச் 13, வியாழன்

ஒத்திகை. மேடைக்குச் சால்வைத் தட்டு ஏந்திவர நான்கு பெண்களைப் பதிவாளர் அலுவலகத்தில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஊழியர் பிரிவுத் தட்டு சுடலைவடிவுக்கு. எந்த மடையன் போட்ட பட்டியல்? கை சரியில்லாதவள், தட்டைக் கீழே போட்டுவிடுவாள், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அவள் காதில் விழுந்துவிட்டது. "போட மாட்டேன் சார்" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஆசிரியர் விருதுகளுக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொருவரும் மேடையிலேயே நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அறிவிப்பாளர் வேகமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். என் பெயர் சொன்னதும் ஏறினேன். துணைவேந்தர் சிரித்தார். பக்கத்தில் சுடலைவடிவு தட்டோடு வந்து நின்றாள். விரல் மடங்காததால் தட்டை இடது மணிக்கட்டில் தாங்கியிருந்தாள்.

அறிவிப்பாளர் வாசித்தார்: "கடந்த நவம்பர் இருபத்து மூன்றாம் நாள் வேதியியல் கிடங்கில் மூண்ட தீயினுள் தம் உயிரைப் பொருட்படுத்தாது நுழைந்து, மயங்கிக் கிடந்த ஆய்வு மாணவியைத் தோளில் சுமந்து மீட்டவர். இடக்கை வெந்த நிலையிலும் மணல் வாளியைக் கீழே வைக்காதவர். சிறந்த ஊழியர் விருது பெறும் திரு. ஆவுடையப்பன் அவர்கள்."

பெயரை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தேன். கைதட்டல் வந்துவிட்டது. ஐந்நூறு பேர் தட்டினார்கள். முன்வரிசையில் பதிவாளர் போனைப் பார்த்தபடியே தட்டினார். ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாருடைய பாராட்டுரையையும் யாரும் கேட்பதில்லை என்பது ஆறு வருடமாக இதை நடத்தும் எனக்குத் தெரியாதா? துணைவேந்தர் என் கையைக் குலுக்கி, "ரொம்பப் பெருமையா இருக்கு" என்றார்.

ஐந்தாவது வரிசையில் மெஹருன்னிசா மட்டும் எழுந்து நின்றாள். உட்காரவே இல்லை.

சால்வையைத் தட்டிலிருந்து எடுக்கும்போது சுடலைவடிவைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். அவள் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வாசித்ததை அவள் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். புகைப்படக்காரர் மூன்று முறை கேட்டார், இடக்கை சால்வைக்குள்ளே இருக்கிறது, வெளியே எடுங்கள் சார் என்று. நான் எடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

பதிவாளருக்குப் போன் செய்தேன். சிரித்தார். யார் கவனித்தார்கள், விடுங்கள், இப்போது திருத்தினால்தான் சந்தி சிரிக்கும் என்றார்.

பிரேமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டம் போட்ட பாராட்டு மடலை முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்தாள். பிறகு என் இடக்கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல இருக்கது யாரு கை?" என்றாள்.

அச்சகத்தில் நடந்த தவறு, இது வேறொரு பெண்ணுக்கு எழுதியது என்றேன். அப்படியானால் அந்தப் பெண் எங்கே என்று கேட்டாள். விழாப் படத்தில் என் பக்கத்தில் இருந்தாள், தட்டோடு. காட்டினேன். பிரேமா அந்தப் படத்தை ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். மடலுக்கு ஆணி அடிக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 19, புதன்

நேர்காணல் முடிவு வந்தது. சுடலைவடிவுக்கு நான்கு மதிப்பெண்ணில் நிரந்தரப் பணி தவறிவிட்டது.

மார்ச் 24, திங்கள்

நேர்காணலில் தேறாத தொகுப்பூதியக்காரர்களின் விடுவிப்பு ஆணைகள். பதினோரு பேர். பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பதினொன்றாவதிலும் போட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

அவளுக்கு இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு அடையாள அட்டையை ஒப்படைக்க வந்தாள். வாங்கி வைத்தேன். போகவில்லை.

"அன்னைக்கு மேடையில வாசிச்சாங்கல்ல சார், அதுல எனக்கு ஒரு நகல் வேணும்" என்றாள்.

எதற்கு என்றேன். "தனியார் காலேஜுல லேபுக்கு ஆளு கேக்காவ. எட்டு வருசத்துல என்ன செஞ்சன்னு கேட்டா காட்டதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் செஞ்சத எளுதி முத்திர வச்சிருக்கது அந்த ஒரு காயிதந்தான்."

அதில் என் பெயர் இருக்கிறது என்றேன். "அத மட்டும் மறைச்சிட்டு எடுங்க சார்" என்றாள்.

போய்த் தொலையட்டும் என்று அலுவலக நகலை எடுத்து, பெயர் மேல் ஒரு வெள்ளைத் துண்டை வைத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு அதை மறுபடி என் மேசையில் வைத்தாள்.

"இதுல எம்பேர ஒங்க கையாலயே எளுதி, கீள கையெழுத்துப் போட்டு, முத்திரையும் வச்சிருங்க சார்."

அது போகிற இடம் எனக்குத் தெரியும். அந்தக் கல்லூரியிலிருந்து உண்மைத்தன்மை கேட்டு ஒரு கடிதம் வரும். அது என் பிரிவுக்குத்தான் வரும். விசாரணைக் குழுவும் இன்னும் கலையவில்லை. விருது ஒருவருக்கு, அதே வாசகத்தில் சான்று இன்னொருவருக்கு, ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் என் கையெழுத்து. யாராவது ஒருவன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

நாளைக்கு வா என்றேன்.

"நாளைக்கு எனக்கு இங்க வேல இல்ல சார்."

நான் வேறு கோப்பை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அவள் நின்றாள். பக்கத்து மேசைக்காரர்கள் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். பூட்ட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அந்தக் கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் ஒரே பக்கத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

ஐந்து ஐம்பதுக்கு அவள் பெயரை எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். முத்திரை வைத்தேன். மை காயும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டாள். "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஜூலையில் அந்த வயரிங் கோப்புக்காக மூன்று முறை வந்தாளே, அப்போதும் கேட்டுவிட்டுப் போகாமல் இப்படி நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.